ஏழாம் நம்பர் எலி கடிக்கும்

பின்னங்கால் இரண்டிலும் நீல மை தடவி, பதினான்காம் நம்பர் எலியைப் பெட்டியின் வாயில் விட்டாள் கனகலட்சுமி. மூன்றடி நீளம், ஒரு சாண் அகலத்தில் மேலே திறந்த பெட்டி அது. உள்ளே அடியில் வெள்ளைக் காகிதம் விரித்திருக்கும். மறுகோடியில் ஒரு இருட்டுப் பொந்து. இருட்டைக் கண்டால் எலிக்குக் கால் நிற்காது, ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் காகிதத்தில் தடம் விழும். தடம் எவ்வளவு நீளம், விரல்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதை ஸ்ரீமதி மேடம் ஸ்கேல் வைத்து அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் இதே எலி இதே மாதிரிக் காகிதத்தில் போனபோது இடது கால் பதியவே இல்லை. ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போன மாதிரி ஒரு நீலக் கோடு மட்டும் கிடந்தது. இன்று ஐந்து விரலும் தனித்தனியாக விழுந்திருந்தன. கனகலட்சுமி காகிதத்தைத் தூக்கிப் பார்த்தாள். சந்தோஷப்பட்டாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவளுக்குள் அப்படி எதுவும் அசைந்து நாளாகிவிட்டது. ஓரத்தில் நம்பரையும் தேதியையும் எழுதிக் காயப் போட்டாள்.

இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கட்டடத்தை எல்லாரும் எலி கம்பெனி என்றுதான் சொல்வார்கள். வாசலில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்? கார் கம்பெனி, கண்ணாடி கம்பெனி, டயர் கம்பெனி என்று உள்ளே இருப்பதை வைத்தே பேர் சொல்லிப் பழகிய ஊர். புது மருந்துகளை எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி அங்கே நடந்தது. எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, எடை போடுவது, கேட்கும்போது பிடித்துக் கொடுப்பது ஆகியவை கனகலட்சுமியின் வேலை. அதற்கு முன்னால் ஆறு வருஷம் செல்போன் கம்பெனியில் லைனில் நின்றவள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏறி வந்தது அதற்காகத்தான். அந்தக் கம்பெனி மூடியபோது கூட வேலை பார்த்த பெண்கள் கேட்டுக்கு வெளியே கட்டிப்பிடித்து அழுதார்கள். இவளுக்கு அழுகை வரவில்லை. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

எலி கம்பெனிக்குப் போகிறாள் என்றதும் லைன் வீட்டில் கேலிக்குக் கேட்க வேண்டுமா? ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் எட்டுக் குடும்பம், எட்டுக்கும் சேர்த்து இரண்டு குளியலறை. "எலி வளையானாலும் தனி வளை வேணும்னுவாங்க. உனுக்கு அங்கயும் வளை, இங்கயும் வளை" என்று அடுத்த வீட்டு ஜெயலட்சுமி குடத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். கனகலட்சுமியும் சிரித்து வைத்தாள். சிரிக்க வேண்டிய இடம் எது என்பது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கொடுத்தவர் மோகன்ராஜ், விலங்குக் கூடத்து சூப்பர்வைசர், வாலாஜாபாத்காரர். பயிற்சியின் சாரம் இதுதான்: ரிஜிஸ்டரில் எழுதாத எதையும் செய்யக் கூடாது, செய்த எதையும் எழுதாமல் விடக் கூடாது. "உன் இஷ்டத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஜாஸ்தி ஊத்தினாக்கூட மொத்த ஆராய்ச்சியும் பூடும். புரியுதா? எலி மேல பாசம் கீசம்லாம் வூட்ல வெச்சுக்கினு வா" என்றார். சும்மா மிரட்டவில்லை. முயல் அறையில் இருந்த சின்னப்பையன் என்பவரை, பேர்தான் சின்னப்பையன், வயது நாற்பத்தைந்து, முயலுக்கு வாழைப்பழத் துண்டு ஒன்று கொடுத்ததற்காகப் பத்தே நிமிஷத்தில் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். அவர் பாதி உரித்த பழத்தோடு போனதை இவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆட்களுக்கு நோட்டீஸ் எல்லாம் கிடையாது.

ஸ்ரீமதி மேடம் வேறு மாதிரி. காஞ்சிபுரத்துப் பெண், கனகலட்சுமியைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்று சேர்த்துச் சொல்வார். ஜனவரியில் இருபத்துநாலு எலிகளுக்கும் இடது தொடையில் நரம்பை வெட்டி ஆபரேஷன் நடந்த அன்று, மயங்கிக் கிடந்த எலியை வெதுவெதுப்பான விரிப்பில் தாங்கிப் பிடித்திருந்தவளிடம் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்.

"வைரஸ்க்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும், கனகா. செல்லுக்குள்ள நுழையறது. நாம அதோட நோயை எடுத்துடறோம். எடுத்த எடத்துல நமக்கு வேண்டிய ஜீனை வெச்சு அனுப்பறோம். நரம்புலேர்ந்து எடுத்து வளர்த்த செல் இருக்குல்ல, அதுக்குள்ள இது போய், நரம்பு வளர்றதுக்கான சத்தை நீயே தயார் பண்ணிக்கோன்னு சொல்லிடும். அந்தச் செல்லைத்தான் இப்ப வெட்டுன எடத்துல வெக்கறேன்."

பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடனைப் பிடித்து, கத்தியைப் பிடுங்கிவிட்டு, கையில் தபாலைக் கொடுத்து அனுப்புவது போல என்று கனகலட்சுமி மனதுக்குள் வைத்துக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் பாதிப் பேருக்குத்தான் தபால். மீதிப் பன்னிரண்டு எலிகளின் செல்களுக்குள் ஜீன் இல்லாத காலி வைரஸ்தான் போயிற்று. எந்த எலிக்கு எது என்று அவளுக்குத் தெரியாது, ஸ்ரீமதி மேடத்துக்கும் தெரியாது. ஒருதலைப்பட்சம் வந்துவிடக் கூடாது என்று அந்தப் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிட்டார்கள்.

"மனுசனுக்கு இது எப்ப மேடம் வரும்?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"எலியில சரியா வந்தா, அப்புறம் பெரிய மிருகம், அப்புறம்தான் மனுஷங்க. பத்து வருஷம் ஆகும். சரியா வந்தாத்தான்."

கனகலட்சுமி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்ட காரணத்தையும் சொல்லவில்லை.

காரணம் வீட்டில் இருந்தது. அவள் புருஷன் இசக்கிபாண்டி ஒரகடத்தில் கார் உதிரிபாகம் அடிக்கிற கம்பெனியில் இருந்தவன். இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆகஸ்டில், ஷிப்ட் முடிந்து வாலாஜாபாத் ரோட்டில் பைக்கில் வந்தவனை ஒரு கண்டெய்னர் லாரி ஓரம் தட்டியது. ஹெல்மெட் போட்டிருந்தான், தலை தப்பியது. வலது தோள் ரோட்டில் அடித்தது. உடம்பில் பெரிதாக ஒரு காயம் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் சாமி காப்பாற்றியது என்றார்கள். கழுத்திலிருந்து கைக்கு வருகிற நரம்புகள் வேரோடு பிய்ந்து போயிருந்தன. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் காலிலிருந்து நரம்பு எடுத்துத் தோளில் வைத்துத் தைத்தார்கள். நரம்பு மாதத்துக்கு ஒரு அங்குலம் வளரும், தோளிலிருந்து விரல் நுனி வரை போக வேண்டும், ஒன்றரை வருஷத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அங்கே தசை செத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். எண்ணெய் முந்துமோ திரி முந்துமோ என்கிற கதைதான். அதுவரை கையை விறைக்க விடாதீர்கள் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மா கனகலட்சுமிக்குத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். உள்ளங்கையைக் கட்டை விரலால் அழுத்தி வட்டம் போடுவது, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவது, பிறகு ஐந்தையும் விரிப்பது. காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம்.

பத்து மாதம் விடாமல் தேய்த்தாள். அந்தக் கையின் ஒவ்வொரு கணுவும் அவளுக்குத் தெரியும், அதற்கு மட்டும் இவளைத் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் இசக்கிபாண்டி சுடுசோற்றுப் பானையை நகர்த்தப் போய், தொங்கிய வலது கை அடுப்பு விளிம்பில் பட்டுக்கொண்டே இருந்ததை அறியாமல் நின்றிருக்கிறான். கருகல் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவளிடம், "விட்டுரு கனகு. இது என் கை இல்ல" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். கடையில் கொத்தமல்லி இல்லை என்பது போலச் சொன்னான். மறுநாளும் கையைத் தொட விடவில்லை, அதற்கு அடுத்த நாளும் விடவில்லை. கையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, இடது கையால் செல்போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அவளும் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். ஒரே அறையில் இருவரும் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்கள்.

ஆபரேஷன் ஆன இரண்டாம் வாரம், கூண்டு கழுவ ஒரு எலியைக் கையில் எடுத்தாள். கைக்குப் பழகட்டும் என்று ஒவ்வொரு எலியையும் ஒரு நிமிஷம் கையில் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள், அது ரிஜிஸ்டரிலேயே இருக்கிற வேலை. அந்த எலியின் இடது பாதம் சுருண்டு, விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன. அவள் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கட்டை விரல் தானாகப் போய் அந்தப் பாதத்தை அழுத்தி வட்டம் போட்டது. அரிசியைவிடச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டியது. எலி மூக்கை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. அறையில் யாரும் இல்லை. இரண்டு நிமிஷம் ஆனதும் கூண்டில் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

எல்லா எலிக்கும் செய்யவில்லை. மாசி பிறந்தபோது சில எலிகள் காலை ஊன்ற ஆரம்பித்திருந்தன, அவற்றுக்கு எதற்கு? இழுத்துக்கொண்டு போகிறவை, பாதத்தைத் தானே கடித்துக்கொள்கிறவை, மூலையில் சாய்ந்து கிடக்கிறவை ஆகியவற்றுக்கு மட்டும் காலையில் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை. அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தது. பதின்மூன்றாவதாக ஏழாம் நம்பரும் சேர வேண்டியதுதான். மற்ற எல்லாவற்றையும்விட மோசமாக இழுத்தது அதுதான். ஆனால் அது கடிக்கும். முதல் நாளே கையுறையைத் தாண்டி ஆள்காட்டி விரலில் பல் இறக்கிவிட்டது. போ சனியனே என்று அதை விட்டுவிட்டாள். செய்ததை எழுதவில்லை. எழுதுவதற்கு ரிஜிஸ்டரில் கட்டமும் இல்லை, கட்டம் இருந்திருந்தாலும் சின்னப்பையனின் ஞாபகம் இருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் கடைசித் தடம் எடுத்து முடிந்ததும் எலிகளை மயக்கம் கொடுத்துக் கொன்றார்கள். நரம்பை வெளியே எடுத்துப் பார்க்க வேறு வழி இல்லை, ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம்தான். இருபத்துநாலையும் கனகலட்சுமிதான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். ஏழாம் நம்பர் கடைசி நாளும் கடிக்கப் பார்த்தது. கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கியபோது அறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அவளுக்கு வருத்தமா என்று கேட்டால், தெரியவில்லை. மத்தியானம் எப்போதும் போலச் சாப்பிட்டாள்.

மறுநாள் உறையைப் பிரித்தார்கள். சாயங்காலம் தரை துடைக்கப் போனபோது ஸ்ரீமதி மேடம் கம்ப்யூட்டர் முன்னால் கையில் தலையைத் தாங்கி உட்கார்ந்திருந்தார். திரையில் இரண்டு கம்பங்கள், ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.

"போச்சு கனகா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஜீன் வெச்ச எலியும் நல்லா நடந்திருக்கு, காலி வைரஸ் போட்ட எலியும் அதே அளவு நடந்திருக்கு. அப்ப ஜீன் ஒண்ணுமே பண்ணலன்னுதான் அர்த்தம். காசு குடுத்த கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும். பார்த்துட்டு நிறுத்திடுவாங்க. மூணு வருஷ வேலை."

கனகலட்சுமி வாளியைக் கீழே வைத்தாள்.

"புரியவே இல்ல" என்று மேடம் திரையைப் பார்த்துத் தனக்குத் தானே பேசினார். "காலி வைரஸ் போட்டது இவ்வளவு நல்லா வரவே கூடாது. நான் எதிர்பார்த்த மாதிரி வந்தது ஒண்ணே ஒண்ணு. ஏழாம் நம்பர். அது மட்டும்தான் கடைசி வரைக்கும் காலை இழுத்துச்சு. மத்ததெல்லாம் ஏன் நடந்துச்சு?"

வாளியில் துணியைப் போட்டுப் பிழிந்தாள் கனகலட்சுமி. பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். இழுத்தவற்றில் அவள் தொடாதது ஏழாம் நம்பர் மட்டும். தொட்டவை நடந்தன. எவை இழுத்தனவோ அவற்றைத்தான் தொட்டாள், இழுத்தவையோ தபால் போகாதவை. தபால் போனவை அவள் கை படாமலே தாமாக எழுந்து நின்றிருக்கின்றன. மேடத்தின் மருந்து பலித்திருக்கிறது. பலித்ததைத் தன் இரண்டு கட்டை விரல்களால் இவள் அழித்து வைத்திருக்கிறாள். இது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தரையைத் துடைத்து முடித்து, வாளியைக் கழுவி வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

வீட்டில் இசக்கிபாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வெயில் இறங்கியும் கூரைச் சூடு இறங்கவில்லை. அவள் கால் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவனிடம் இவ்வளவு நீளமாக அவள் பேசியே பல மாதம் ஆகியிருக்கும். அவன் செல்போனைத் தரையில் வைத்தான்.

"சொன்னா வேலை போயிரும்" என்றான்.

"ஆமா. அன்னைக்கே அனுப்பிருவாவ."

"சொல்லலைன்னா?"

"மருந்து வேலைக்கு ஆவாதுன்னு எழுதி மூடிருவாவ."

"அந்த மருந்து நமக்கு வருமா?"

"வராது. பத்து வருசம்னு சொன்னாவ."

வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. அதை அவன் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கட்டிப் போட்டிருந்த கையைக் குனிந்து பார்த்தான்.

"எனக்குத் தேச்ச மாதிரியேவா அதுவளுக்கும் தேச்ச?"

"ஆமா."

"அதுவளுக்கு வந்துட்டோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "வந்துட்டு" என்றாள்.

எலிக்கு வெட்டியது ஒரு விரற்கடை நரம்பு, உங்களுக்கு ஒரு கை நீளம், இரண்டும் ஒன்றா என்று சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவன் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன், "சோறு இருக்கா?" என்று கேட்டான். எழுந்து போய் வைத்தாள். இடது கையால் சாப்பிட்டான். சொல், சொல்லாதே என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. நல்லது கெட்டது எதுவானாலும் தன் தலையில்தான் என்பது கனகலட்சுமிக்குப் புரிந்தது.

காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் மோகன்ராஜ் பிடித்துக்கொண்டார். நல்ல மூடில் இருந்தார்.

"இன்னாம்மா, எலி பிராஜக்ட் க்ளோசு. கவலப்படாத. சுத்தமா வேலை செய்றேன்னு மேல சொல்லிக்கிறேன். வர்ற மாசத்துலேர்ந்து முயல் ரூம் உனுக்குத்தான். சம்பளமும் கொஞ்சம் சேர்த்துத் தருவாங்க."

"சரி சார்."

"இன்னா சரி சார்? ஒரு தேங்க்ஸ் சொல்ல மாட்டியா?"

"தேங்க்ஸ் சார்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு போனார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு முயல் அறைக்குப் போனால் முடிந்தது. அவள் உடை மாற்றி, தலைக்கு மூடி போட்டு, எலி அறைக்குப் போனாள். பழக்க தோஷம். கவிழ்த்த கூண்டுகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. நடுவில் நின்றாள். கட்டை விரல்கள் இரண்டும் ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். இசக்கிபாண்டி கை விழுந்ததிலிருந்து இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் கை பட்டு நல்லபடியாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த எலிகள் எழுந்தது அவள் கையால் என்று ஒரு வரிகூட இல்லாமல் வெள்ளிக்கிழமை எழுதி மூடப் போகிறார்கள். அதைப் பொறுக்க முடியவில்லை அவளுக்கு. மருந்தாவது மண்ணாவது, பத்து வருஷமாவது. இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஸ்ரீமதி மேடம் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தார். கதவருகில் நின்றவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேடம், ஏழாம் நம்பர் கடிக்கும்."

"என்ன?"

"அது கடிக்கும் மேடம். அதனால நான் அதத் தொடல."

மேடம் தட்டச்சை நிறுத்தினார். "தொடலன்னா?"

"மத்ததத் தொட்டேன்."

சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. எப்போது ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எதற்குச் செய்தாள், எதற்கு விட்டாள் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் ஒரு காகிதத்தை நகர்த்தினார். கனகலட்சுமி பன்னிரண்டு நம்பரை மூச்சு விடாமல் எழுதினாள். மேடம் மேசை இழுப்பறையிலிருந்து உறைப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தார். காலி வைரஸ். காலி வைரஸ். காலி வைரஸ். பதினொன்று வரை அப்படியே வந்தது. இருபதாம் நம்பரில் பென்சில் நின்றது. ஜீன் வைத்தவற்றில் அது ஒன்று மட்டும் மெதுவாகத் தேறியது, அதனால் இவள் கை அதற்கும் பட்டிருக்கிறது. மேடம் கம்ப்யூட்டரில் இருபதைத் தேடினார். கடைசி வாரக் கணக்கில் எல்லா எலியையும்விட நன்றாக நடந்தது இருபது.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எந்த எலிக்கு எதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லல இல்ல?"

"இல்ல மேடம். பாத்தா தெரியும்."

"பார்த்தா தெரியும்" என்று மேடம் திருப்பிச் சொன்னார். திரையில் இருந்த இரண்டு கம்பங்களைப் பார்த்தார். சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாத ஒன்று அவர் முகத்தில் வந்து போனது. "ஏன் கனகா செஞ்சீங்க?"

மருந்து, பாவம், பழக்கம் என்று எதையாவது சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். "எங்க வீட்ல அவுக கையைத் தொட விடமாட்டேங்காவ, மேடம்" என்றாள்.

அவுக யார், என்ன கை என்று மேடம் கேட்கவில்லை. ஆபரேஷன் அன்றைக்கு அவள் கேட்ட கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டாரோ என்னவோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இதை அப்படியே எழுதியாகணும். எழுதினா மோகன்ராஜ் சார் கையெழுத்துக்குப் போகும். தெரியும்ல?"

"தெரியும்."

"நான் உங்களுக்காகப் பேசுவேன். கேப்பாங்களான்னு தெரியாது."

"சரி மேடம்."

"எப்படித் தேச்சீங்கன்னும் எழுதணும். எவ்வளவு அழுத்தம், எந்த வரிசை, எல்லாம். காட்டுங்க."

"எலி இல்லியே மேடம்."

மேடம் சுற்றிலும் பார்த்தார். பிறகு போனில் வீடியோவைப் போட்டு, இரண்டு ஃபைல்களுக்கு நடுவில் சாய்த்து நிறுத்தினார். வளையலை மேலே தள்ளிவிட்டு, இடது கையை மல்லாக்க மேசை மேல் வைத்தார்.

கனகலட்சுமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்தாள். முதலில் உள்ளங்கை. கட்டை விரலால் அழுத்தி வட்டம். எத்தனை வட்டம் என்று மேடம் கேட்டார், பத்து என்றாள். பிறகு சுண்டு விரல், மடக்கி நீட்டுவது. பிறகு அடுத்த விரல். ஒவ்வொன்றாக வந்து, மேடத்தின் கட்டை விரலின் அடி மேட்டில் அழுத்தியபோது, அந்தக் கை வெடுக்கென்று பின்னால் போனது.

கனகலட்சுமி பதறிப்போய் விட்டுவிட்டாள். "வலிச்சுட்டா மேடம்?"

"இல்ல இல்ல. கூச்சம். நீங்க பண்ணுங்க."

மேடம் கையைத் திரும்ப வைத்தார். கனகலட்சுமியால் உடனே தொட முடியவில்லை. பத்து மாதம் அவள் தேய்த்த அந்தக் கை ஒரு தடவைகூட இப்படிப் போனதில்லை. மனுஷக் கைக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, கம்பெனி மூடிய அன்றைக்கும் வராத தண்ணீர். துடைக்காமல், அது பாட்டுக்கு இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுத்தத் தொடங்கினாள். மேடம் எத்தனை வட்டம் என்று இப்போது கேட்கவில்லை.

போனின் சின்னத் திரையில் முகம் எதுவும் விழவில்லை. மேசை விளிம்பும் மூன்று கைகளும் மட்டும் தெரிந்தன. அவற்றில் மல்லாந்து கிடந்த ஒன்று மெதுவாக விரல்களை மடக்கி மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டது.